மினிமம் டியூ கட்டினால் வட்டி நிற்காது
"வீட்டுச் செலவைக் குறைத்து மிச்சமாகும் பணத்தை ஆர்.டி.யில் (வங்கியில் மாதாமாதம் போடும் தொடர் சேமிப்பில்) போடுங்கள், கிரெடிட் கார்டுக்கு மினிமம் டியூ (பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை) கட்டினால் போதும், வட்டி வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பி யாரும் இறங்கிவிடக் கூடாது.

மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம்தான் வராது. மீதித் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பாக்கி 60,000 ரூபாய், மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 2,100, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 378, ஆக 2,478 ரூபாய். மினிமம் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 3,000. அசலில் குறைவது வெறும் 522 ரூபாய்! அப்புறம், முழுப் பாக்கியும் தீரும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி உண்டு.

எங்கள் வீட்டில் இதை அனுபவித்தோம். பால் இரண்டு பாக்கெட்டிலிருந்து ஒன்றானது, ஞாயிற்றுக்கிழமை கறி முட்டைக் குழம்பானது. கார்டுக்கு மினிமம் மட்டும் கட்டி எட்டு மாதம் அப்படி இருந்தும் ஸ்டேட்மென்ட்டில் பாக்கி அசையவே இல்லை. என் மனைவி அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். ஒரு ஜோடி வளையலை வங்கியில் அடகு வைத்து, கார்டு பாக்கியை ஒரே தவணையில் அடைத்தோம். நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் பிடித்த பணத்தில் பதினான்கு மாதத்தில் வளையல் திரும்பி வந்தது.

ஆர்.டி. ஆண்டுக்கு ஏழு சதவீதம் போலத் தரும். கார்டு நம்மிடம் வாங்கும் வட்டி ஆண்டுக்கு 42 சதவீதம். மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயையும் முதலில் கார்டுக்கே கட்டுங்கள்.