9999 கேம், ஒரே கேசட்

ரெண்டு மூணு நாளாக டைம்லைன் முழுக்க, ஜப்பான் வீடியோ கேம் கம்பெனி நிண்டெண்டோவின் நினைவுகள். எல்லாரும் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள், 1985ல் அமெரிக்காவில் வந்த, டிவியில் மாட்டி ஆடும் அந்தச் சாம்பல் நிற கேம் பெட்டி. சத்தியமாகச் சொல்லுங்கள், உங்களில் எத்தனை பேர் அதைக் கையால் தொட்டிருப்பீர்கள்? எங்கள் வீட்டில் இருந்தது 'டிவி கேம்'. அப்பா பர்மா பஜாரில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கி வந்தது. ஜப்பானில் 1983ல் வந்த நிண்டெண்டோ பெட்டியான ஃபேமிகாமின் நகல் அது என்று எனக்குத் தெரியவரும்போது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. அதனால் ஏங்குவதாக இருந்தால் அந்த டூப்ளிகேட்டுக்காக ஏங்குவோம், அசல் நம் வீட்டுக்கு வரவே இல்லை.

அந்த 9999 இன் 1 கேசட் ஞாபகம் இருக்கிறதா? லீவு நாளில் நானும் சித்தி பையனும் நோட்டுப் போட்டு எண்ணினோம். முதல் பக்கம் பிரமாதம், மரியோ, கான்ட்ரா, சர்க்கஸ், டாங்க், பேக்மேன். நாலாவது பக்கத்திலிருந்து அதே மரியோ வேறு பெயரில் வேறு உலகத்தில் தொடங்கும், அதே டாங்க் வேறு ஸ்டேஜில் தொடங்கும். இருபத்து மூன்றோடு நோட்டு நின்றுவிட்டது. அன்றைக்குக் கோபம்தான். ஆனால் எட்டாவது உலகத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததே அந்த ஏமாற்று வேலையால்தான், நியாயமாக ஆடி அவ்வளவு தூரம் போகிற கை எங்களுக்கு இல்லை.

பெட்டி நகலாக இருந்தாலும் உள்ளே இருந்த கேம் சரக்கு அசல்தான், அதை மறுக்க முடியாது. மரியோ முழு கேமும் 40 கேபி. இன்றைக்குக் காலையில் பெரியப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங் இதைவிடப் பெரிசு. இடம் பத்தாமல் மேகத்தையும் புதரையும் ஒரே படத்தில் முடித்திருப்பார்கள், வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். பேக்மேன் மாதிரி கேம்கள் 1980 வாக்கில் காசு போட்டு ஆடும் மெஷினுக்காகச் செய்தவை, ஆள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டில் காசு போடத் தேவையில்லை, ஆனாலும் சாகடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. சேவ் கிடையாது. ஏழாவது உலகத்தில் கரண்ட் போனால் போனதுதான், அப்புறம் மறுபடி 1-1, அதாவது முதல் உலகத்தின் முதல் ஸ்டேஜ்.

டாங்க் கேமைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், பேட்டில் சிட்டி என்பது அதன் பெயராம், நாம் யார் அப்படிச் சொன்னோம்? ஒரு ஸ்டேஜுக்கு எதிரி டாங்க் இருபது. கீழே செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு, அதைக் காப்பாற்ற வேண்டும். கூட ஆடுகிறவனைச் சுட்டால் அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நிற்பான், அவ்வளவுதான். சித்தி பையன் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் என்னை அப்படி நிறுத்தி வைத்துவிட்டு, தானே போய்க் கழுகைச் சுடுவான். இன்றைக்கு அவன் வங்கியில் பெரிய அதிகாரி.

படம் வராவிட்டால் கேசட்டை ஊதுவது சுத்தமான மூடநம்பிக்கை. கழற்றி மறுபடி மாட்டும்போது தொடர்பு சரியாக உட்காரும், படம் வரும், பெயர் மட்டும் ஊதினதுக்கு. எச்சில் ஈரம் பட்டு அந்தத் தகடுகள் கறுத்துப் போனதுதான் மிச்சம். கேம் ஆடினால் டிவியின் பிக்சர் டியூப் போய்விடும் என்று அம்மா கத்தியதும் இதே ரகம், எங்கள் டியூப் கடைசிவரை போகவே இல்லை.

போன மாதம் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். அடாப்டர் சூடானாலும் ஓடியது. பையனிடம் பெட்டியோடு வந்த பொம்மைத் துப்பாக்கியைக் கொடுத்து, வாத்து சுடும் கேமை ஆடச் சொன்னேன். ஒன்றுகூட விழவில்லை. விசையை அழுத்தினதும் திரை கண் இமைக்கும் நேரம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், துப்பாக்கி தேடுவது அந்த வெளிச்சத்தைத்தான். அந்த நேரக் கணக்கு பழைய டப்பா டிவிக்குப் போட்டது, எல்இடி டிவியில் எடுபடாது. பையன் திரையில் முட்டுகிற மாதிரி துப்பாக்கியை வைத்துச் சுட்டான், அப்பவும், குறி தப்பினால் சிரிக்கும் அந்த கேமின் நாய் எழுந்து சிரித்தது.

யார் வீட்டிலாவது ஓடுகிற நிலையில் பழைய டப்பா டிவி இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். 21 இஞ்ச் போதும், வந்து நானே தூக்கிக்கொள்கிறேன்.