“மருந்து எதுவும் சாப்பிடுறதில்லை டாக்டர்”

என் தங்கைக்கு அப்போது கர்ப்பத்தின் ஏழாவது வாரம். முதல் பரிசோதனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். “வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று டாக்டர் கேட்டார். “எதுவும் இல்லை டாக்டர்” என்றாள். பொய் சொல்லவில்லை. கைப்பையில் இருந்த மூலிகை மாத்திரையை அவள் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த டப்பாவை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம் பச்சை இலைகள், ‘100% இயற்கை’. பின்பக்கம் கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடவும் என்று ஒரே ஒரு வரி. மூலிகைகளின் பெயர்கள் இருந்தன. எது எவ்வளவு என்பது இல்லை.

அதில் ஒன்று அதிமதுரம். தாயின் கார்ட்டிசோல் ஹார்மோன் அளவுக்கு மீறிக் குழந்தைக்குப் போகாமல் நஞ்சுக்கொடியில் ஒரு என்சைம் காவல் காக்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் அந்தக் காவலைத்தான் தளர்த்துகிறது. இதுவும் இயற்கைதான்! ஒரு செடிக்கு உடம்பில் வேலை செய்யும் சக்தி உண்டு என்று நம்பித்தானே சாப்பிடுகிறோம்? அந்த வேலை தாயோடு நின்றுவிடும் என்று யார் சொன்னது?

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. மூளையும் தண்டுவடமுமாக வளரப்போகிற நரம்புக்குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பலருக்குக் கர்ப்பம் என்று தெரிவதே அந்தச் சமயத்தில்தான். அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே டப்பாக்களை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், லேபிளில் இல்லாததும் உள்ளே இருக்கலாம். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. குமட்டலுக்கு இஞ்சியை டாக்டர்களே சொல்கிறார்கள், அதைக் கர்ப்பிணிகளிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான மூலிகை மாத்திரைகளுக்கு அப்படி ஒரு சோதனை நடந்ததே இல்லை. ‘பக்க விளைவு கிடையாது’ என்று அடித்துச் சொல்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல, அதுவும் ஒரு கர்ப்பிணியிடம் சொல்கிறார்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டவர்கள் பதற வேண்டாம், உங்கள் மேல் தப்பும் இல்லை. டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ‘மருந்து’ என்று மட்டும் கேட்காதீர்கள். மூலிகை, பொடி, சத்து மாத்திரை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த முறை தங்கை டப்பாவை மேஜைமேல் வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தச் சின்ன எழுத்தை நிதானமாகப் படித்தார். “இதை நிறுத்திடலாம்மா. எந்தத் தேதியிலிருந்து சாப்பிடுறீங்க?” என்றார். அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.