சரிவுல யானை எறங்காதுன்னு நம்பி ஓடாதீங்க

அண்ணா, "யானை தொரத்துனா பள்ளத்த பாத்து ஓடுங்க, அதால சரிவுல எறங்க முடியாது"ன்னு போட்டிருக்கீங்க, இது தப்புண்ணா, தயவுசெஞ்சு எடுத்துடுங்க. எங்க ஊரு தேன்கனிக்கோட்டை பக்கம், மார்கழியில ராகி அறுப்பு நேரத்துல கரட்டுல இருந்து யானை எறங்கி வந்த தடத்த விடிஞ்சதும் போய் பாத்தோம், பின்னங்கால மடக்கி சறுக்கிட்டே வந்திருக்கு, செம்மண்ணு அப்படியே வழிச்சு விட்ட மாதிரி பட்டையா கெடந்துச்சு, அடியில ராகி கதிரு பூரா மிதிபட்டு கெடந்துச்சு. சரிவுல கொஞ்சம் நிதானமா எறங்கும், அவ்ளோதான். சமதரையில மணிக்கு 24 கிலோமீட்டர் வரைக்கும் ஓடும்னு அளந்தே பாத்திருக்காங்க, கல்லும் முள்ளுமா இருக்கற காட்டுல, அதுவும் ராத்திரியில நம்மால அந்த வேகத்துக்கு ஓட முடியுமா?

அப்புறம் ஒத்தை யானைன்னாலே கூட்டம் வெரட்டி விட்டது, பழிவாங்க அலையுதுன்னு எழுதியிருக்கீங்க. கூட்டம்னா பொட்டை யானைங்களும் குட்டிங்களும்தான், ஆண் குட்டி பத்து பதினஞ்சு வயசுல தானா பிரிஞ்சு போயிரும், அது அதோட இயல்பு. மதம் வேற விஷயம், கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல நீர் ஒழுகி கன்னத்துல கறுப்பா கோடு இருக்கும், அப்ப கிட்டவே போகக்கூடாது.

இந்த பழிவாங்கற கதை பயத்தத்தான் கூட்டும், ஏற்கனவே பயிர காப்பாத்தணும்னு வேலியில கரண்ட் விடறாங்க. 2023 மார்ச்சுல மாரண்டஹள்ளி பக்கம் அப்படித்தான் மூணு யானை செத்துச்சு, ரெண்டு குட்டிங்க அந்த எடத்த விட்டு நகராம நின்னுச்சுங்க. யானைய பாத்தா டார்ச் அடிச்சு கிட்ட போகாம, கத்தாம, வந்த வழியிலயே திரும்பிடுங்க, வனத்துறைக்கு போன் போடுங்க.