சோஃபி தொப்பிகளோடு பேசுகிறாள்

இளையோருக்கான மாயாஜால நாவல்களில் எனக்கு அலுத்துப்போன விஷயம் ஒன்று உண்டு: தீர்க்கதரிசனம். இந்தப் பிள்ளைதான் உலகைக் காக்கப்போகிறது என்று யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளை புத்தகம் முழுக்கத் தவிக்கும், மறுக்கும், கடைசியில் ஏற்றுக்கொள்ளும். ஏற்காவிட்டால் கதையே நடக்காது என்பது முதல் அத்தியாயத்திலேயே நமக்குத் தெரியும். இதைப் போய் 'தன் பாதையைத் தானே தேர்ந்தெடுத்தாள்' என்று பாராட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விதியையும் மந்திரத்தையும் சேர்த்து வைத்து உண்மையாகவே யோசித்த நாவல் எது என்று கேட்டால், ஆங்கில எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் எழுதிய 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' (ஹௌலின் நகரும் கோட்டை) என்றுதான் சொல்வேன். 1986இல் வந்தது. நம்மில் பலருக்கு இது ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் 2004ஆம் வருடப் படமாகத்தான் அறிமுகம். படம் அழகானது. ஆனால் நான் பேச வந்த விஷயம் படத்தில் அநேகமாக இல்லை. அங்கே போர் முன்னுக்கு வந்துவிட்டது, மூன்று சகோதரிகள் இரண்டாகிவிட்டார்கள். (கதையை முடிவு வரை சொல்லப்போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.)

இங்கரி என்றொரு நாடு. அங்கே மூன்று பிள்ளைகளில் மூத்ததாகப் பிறப்பது துரதிர்ஷ்டம். மூவரும் பிழைப்புத் தேடிப் புறப்பட்டால் முதலில் தோற்பது மூத்தது, ஜெயிப்பது கடைக்குட்டி. கேட்டு வளர்ந்த கதைகள் எல்லாம் அப்படித்தானே முடிகின்றன? சோஃபி மூத்தவள். அதனால் தனக்கு ஒன்றும் நடக்காது என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். அப்பா கடனை வைத்துவிட்டுச் சாகிறார். சித்தி ஒரு தங்கையைப் பலகாரக் கடைக்கும் இன்னொருத்தியை மந்திரம் கற்கவும் அனுப்புகிறாள். சோஃபி தொப்பிக் கடையிலேயே தங்கி, சம்பளம்கூட இல்லாமல் தைத்துக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. எந்த ஜோசியனும் எதுவும் சொல்லவில்லை.

தங்கைகள் இருவரும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மந்திரத்தால் உருவத்தை மாற்றிக்கொண்டு இடம் மாறிவிடுகிறார்கள். மந்திரம் கற்க ஆசைப்பட்டது நடுப்பெண் லெட்டி. கடைக்குட்டி மார்த்தாவுக்கு அந்த நாட்டு வழக்கப்படி பெரிய யோகம் காத்திருக்கிறது. அவளோ எனக்கு அது வேண்டாம், கல்யாணம் செய்துகொண்டு பத்துப் பிள்ளை பெற வேண்டும் என்கிறாள். நல்ல விதியையும் ஒருத்தி வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்ன நாவலை நான் வேறு படித்ததில்லை.

சோஃபிக்குத் தனியே உட்கார்ந்து தைக்கும் அலுப்பில் தொப்பிகளோடு பேசும் பழக்கம் வருகிறது. உனக்குத் தங்கமான மனசு, பெரிய இடத்து ஆள் ஒருவர் உன்னைப் பார்த்து மயங்குவார் என்று ஒரு தொப்பியிடம் சொல்கிறாள். அதை வாங்கிப் போன பெண் ஒரு பிரபுவோடு ஓடிப்போகிறாள். சோஃபி சொன்னது எதுவோ அதற்கு உயிர் வந்துவிடும், அதுதான் அவளுடைய மந்திரம். தனக்கு மந்திரம் வரும் என்பது அவளுக்கே தெரியாது. ஊர்ப் பெண்களின் எதிர்காலத்தை எல்லாம் வாயாலேயே மாற்றுகிறவள், தன்னைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும் 'நான் மூத்தவள், எனக்கு ஒன்றும் வாய்க்காது' என்கிறாள். அதுவும் பலித்துக்கொண்டே இருக்கிறது.

பாழ்நிலச் சூனியக்காரி தனக்குப் போட்டியாக ஒருத்தி கிளம்பிவிட்டாள் என்று வந்து சோஃபியைக் கிழவியாக்கிவிட்டுப் போகிறாள். சோஃபி கண்ணாடியைப் பார்க்கிறாள். அழவில்லை. திடமாகத்தான் இருக்கிறாய், இதுதான் உன் உண்மையான தோற்றத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்று தன்னிடமே சொல்லிக்கொள்கிறாள். முதல் தடவை இதை வேகமாகக் கடந்துவிடுவோம். அவள் சொன்னால் பலிக்கும் என்று தெரிந்த பிறகு திரும்பி வந்து படித்தால் திக்கென்று இருக்கும். கதைநாயகனான மந்திரவாதி ஹௌல் பிற்பாடு அவளுக்குத் தெரியாமல் சாபத்தை எடுக்கப் பலமுறை முயல்கிறான். முடியவில்லை. இந்த வேஷம் உனக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன் என்று அவளிடமே சொல்கிறான். சூனியக்காரி பூட்டியது பாதி என்றால், உள்ளிருந்து தாழ் போட்டது சோஃபி.

இதில் அவளைக் குறை சொல்லும் தொனி எங்கேயும் இல்லை என்பது எனக்கு முக்கியம். கிழவியான பிறகுதான் அவளுக்கு வாய் வருகிறது. அந்த ஹௌலின் கோட்டைக்குள் கேட்காமல் நுழைகிறாள், அடுப்பிலிருக்கும் தீப்பூதம் கால்சிஃபரோடு பேரம் பேசுகிறாள், அரசனைப் பார்க்கப் போகிறாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது தெருவில் கூட்டத்தைக் கண்டு ஒடுங்கியவள் இவள்.

எங்கள் வீட்டில் நான் மூத்தவள். 'நீதானேம்மா பெரியவ, விட்டுக்கொடு' என்று பாசமாகத்தான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு, யாரும் சொல்லாதபோதும் நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வந்தேன். அதனால்தான் சோஃபியை அசடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஜோன்ஸும் மூன்று பெண்களில் மூத்தவர். பெற்றோர் எசெக்ஸில் தாக்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு கருத்தரங்கு மையம் நடத்தினார்கள். பிள்ளைகளைக் கவனிக்கவில்லை. புத்தகம் வாங்கித் தருவதில் அப்பா மகா கஞ்சன். படிக்கப் புத்தகம் போதாததால் டயானாவே நோட்டுப் புத்தகங்களில் கதை எழுதித் தங்கைகளுக்கு வாசித்துக் காட்டினார். மூத்தவள் தோற்பாள் என்று சொல்லும் கதைகளை, அந்த வீட்டு மூத்தவள் உட்கார்ந்து திருத்தி எழுதியதாகவே இந்த நாவலை நான் படிக்கிறேன்.

ஹௌலுக்கும் ஒரு சாபம் உண்டு. ஜான் டன்னின் பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றின் வரிகள் ஒவ்வொன்றாக நடந்து முடிந்தால் அவன் சூனியக்காரியிடம் அகப்பட்டுக்கொள்வான். தப்பிப்பதற்காக ஓடிக்கொண்டே இருக்கிறான். அவன் கோழை, அதை மறைப்பதும் இல்லை. பயமான காரியத்தைச் செய்ய வேண்டுமென்றால், அதைச் செய்யவே இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டால்தான் முடியும் என்கிறான். சோஃபி தன்னிடம் சொல்லிக்கொள்வது அவளைக் கட்டிப்போடுகிறது, அவன் தன்னிடம் சொல்லிக்கொள்வது அவனைக் காரியம் செய்ய வைக்கிறது. இந்த ஜோடிப் பொருத்தம் காதல் வசனங்களைவிட எனக்குப் பிடித்தது.

கடைசிப் பகுதி அவசரம்தான். தலை ஒருவருடையது, உடல் வேறொருவருடையது என்று ஒரு முடிச்சு வருகிறது, அதை அவிழ்ப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பெண்கள் பின்னால் ஹௌல் சுற்றுவதையும் ஆசிரியர் கொஞ்சம் அதிகமாகவே மன்னித்துவிடுகிறார். ஆனாலும் அந்தக் குழப்பத்துக்கு நடுவில் சோஃபி மறுபடி 'நான் மூத்தவள், அதனால்தான் எல்லாம் கெட்டது' என்று ஆரம்பிக்க, ஹௌல் அபத்தம் என்று கத்துகிறான். நீ நின்று யோசிப்பதே இல்லை, அவ்வளவுதான் என்கிறான். அவள் பிறப்பில் ஏற்றிவைத்த பழியை, மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பழக்கத்தின் மேல் இறக்கிவைக்கிறான். யாராவது என்னிடம் இதைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

பிறகு சோஃபி, கால்சிஃபரிடம் இருக்கும் ஹௌலின் இதயத்தை மீட்டு, கால்சிஃபரையும் சாகவிடாமல் காப்பாற்றுகிறாள். இன்னும் ஆயிரம் வருடம் இரு என்று அதனிடம் சொல்கிறாள். தொப்பிகளிடம் பேசிய அதே வாய். இம்முறை என்ன செய்கிறோம் என்று தெரிந்தே பேசுகிறாள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், படத்தைப் பார்த்திருந்தாலும் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். மூத்த பெண்ணாக இருந்தால் இந்த மாதமே.