கிரிஸ்லி காட்டில் வில் வேட்டை: திட்டத்தைக் கறியிலிருந்து போடுங்கள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் செப்டம்பர் முதல் வாரம் எல்க் என்ற பெரிய மானுக்கான வில் வேட்டை தொடங்கும். அதற்கு முந்தைய கோடை முழுக்க எனக்கு வரும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். எந்த காம்பவுண்ட் வில் வாங்கலாம், எத்தனை பவுண்டு இழுவை போதும், கூப்பிடும் குழலில் எது நல்லது, வரைபடத்தில் எந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். எல்லாமே எல்க்கை நெருங்கி அம்பை விடும் நொடி வரைக்குமான கேள்விகள். அம்பு பட்டு, முந்நூறு கிலோ மிருகம் ஒன்று அடர்ந்த மரங்களுக்குள் விழுந்து கிடக்கும்போது என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பலரும் யோசிக்க ஆரம்பிக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரிஸ்லி கரடி வாழும் காட்டுக்கு, வழிகாட்டி வைக்காமல் சொந்தமாக வேட்டைக்குப் போகிறவர் திட்டத்தைக் கறியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். விழுந்ததை எவ்வளவு நேரத்தில் அறுப்பது, எங்கே நகர்த்தி வைப்பது, யார் யார் முதுகில் வண்டி வரைக்கும் கொண்டுவருவது? இதற்குப் பதில் கையில் இருந்தால்தான் அந்த இடத்தில் அம்பு விடலாம். பதில் இல்லையென்றால், எவ்வளவு பெரிய கொம்பு எதிரே வந்து நின்றாலும் நாணைத் தளர்த்திவிட வேண்டும்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. எல்க் என்பது நம் கடமான் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மான். செப்டம்பரில் அதன் இணைசேரும் காலம். ஆண் எல்க் விடியலிலும் அந்தியிலும் நீளமாகக் கூவும். அந்தக் கூவலுக்குப் பதில் கொடுத்து, அல்லது பெண் எல்க்கின் குரலில் கூப்பிட்டு, முப்பது நாற்பது மீட்டருக்குள் வரவழைப்பதுதான் வில் வேட்டை. கிரிஸ்லிகள் 1975-இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அப்போது யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் இருநூறுகூட இல்லை. இன்று ஏறக்குறைய ஆயிரம். வடக்கே கிளேசியர் பூங்காவையும் பாப் மார்ஷல் வனத்தையும் சுற்றி இன்னொரு ஆயிரம். இவை மீண்டு வந்ததில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். ஆனால் நம் அப்பா தலைமுறை வேட்டைக்காரர்கள் கரடியையே பார்க்காத மலைச்சரிவுகளில் இன்று கரடி இருக்கிறது என்பதும் உண்மை. பழைய வேட்டைக் குறிப்புகளை வைத்துக்கொண்டு அங்கே போகக் கூடாது.

கரடி நாட்டில் நடப்பவர்களுக்கு வனத்துறை என்ன சொல்கிறது? சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு போ, கும்பலாகப் போ, விடியலையும் அந்தியையும் தவிர்த்துவிடு, பாதையை விட்டு விலகாதே. வில் வேட்டைக்காரர் இந்த நான்கையும் மீறியே ஆக வேண்டும். அவர் காற்றுக்கு எதிரே, வாசனை தெரியாமல், இருட்டோடு கிளம்பி, பாதையே இல்லாத மரக்கூட்டத்துக்குள் ஓசையில்லாமல் போகிறார். போதாததற்கு இரையின் குரலில் கூப்பிடவும் செய்கிறார். கரடிக்கோ அது குளிர்கால உறக்கத்துக்கு முன் கொழுப்புச் சேர்க்கும் காலம். நாளின் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்கும். பெண் எல்க்கின் குரலுக்கு ஆண் எல்க் மட்டும்தான் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இதில் பயமுறுத்த நினைக்கவில்லை. ஆனால் நடந்தவற்றைப் பார்க்காமல் திட்டம் போட முடியாது. 2001 அக்டோபரில் மொன்டானாவின் பிளாக்ஃபுட்-கிளியர்வாட்டர் வனவிலங்குப் பகுதியில், தான் வீழ்த்திய எல்க்கை அறுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் குட்டிகளோடு வந்த பெண் கரடி கொன்றது. 2018 செப்டம்பர் 14 அன்று பக்கத்து மாநிலமான வயோமிங்கின் டீட்டன் வனத்தில் ஒரு தொழில்முறை வழிகாட்டி இறந்தார். முதல் நாள் அவருடைய வாடிக்கையாளர் அம்பெய்த எல்க்கை மறுநாள் தேடிக் கண்டுபிடித்து, அறுத்துக்கொண்டிருந்தபோது இரண்டு கிரிஸ்லிகள் பாய்ந்து வந்தன. கைத்துப்பாக்கி சற்றுத் தள்ளி மூட்டைகளோடு இருந்தது. காட்டையே தொழிலாகக் கொண்ட அனுபவசாலி அவர். 2019 செப்டம்பர் 16 அன்று மொன்டானாவின் கிராவெலி மலைத்தொடரில் ஒரே நாளில், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என இரண்டு தாக்குதல்கள். மூன்று வேட்டைக்காரர்கள் காயமடைந்தார்கள்.

இதில் முதல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குனிந்து, கத்தியும் கையுமாக, முழங்கை வரை ரத்தத்தோடு, கவனம் முழுக்க மிருகத்தின் மீது இருக்கிற நேரம். ஆபத்து அங்கேதான் அதிகம். அம்பு விடுவதற்கு முன்னால் நீங்கள் கண்ணும் காதுமாக இருக்கிறீர்கள். விட்ட பிறகு, வேட்டை முடிந்த மகிழ்ச்சியில் அந்தக் கவனம் தானாகக் கலைந்துவிடுகிறது.

வில்லுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. துப்பாக்கிக் குண்டு பட்ட எல்க் பெரும்பாலும் சீக்கிரம் விழும். அம்பு ரத்தம் போக்கித்தான் கொல்லும். இரண்டு நுரையீரலிலும் பட்டால் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் விழுந்துவிடும். அரை மணி நேரம் பொறுத்துப் போய்ப் பார்க்கலாம். ஈரலில் பட்டால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். குடலில் பட்டால் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல். அவசரப்பட்டு விரட்டினால் காயத்தோடு மலை தாண்டிப் போய்விடும், கிடைக்கவே கிடைக்காது. கரடி இல்லாத காட்டில் இது நல்ல பாடம். மாலையில் அடித்துவிட்டு விடிந்ததும் தேடலாம். கிரிஸ்லி காட்டில் அந்த ஓர் இரவு கரடிக்குப் போதும். காலையில் நீங்கள் ரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து குனிந்தபடி போய்ச் சேருகிற இடத்தில் அது மண்ணும் சருகும் போட்டு மூடி, பக்கத்துப் புதரில் படுத்திருக்கலாம்.

அதனால் என் விதி எளிமையானது. கிரிஸ்லி நடமாட்டம் உள்ள சரிவில் கடைசி வெளிச்சத்தில் அம்பு விடுவதில்லை. சூரியன் மறைய இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும், எல்க் பக்கவாட்டில் நிற்க வேண்டும், தூரம் எனக்கு நிச்சயமான தூரமாக இருக்க வேண்டும். மாலை வேட்டைதான் சுகம் என்று நண்பர்கள் வாதாடுவார்கள். எல்க் மாலையில்தான் மேய்ச்சலுக்கு இறங்கும், கூவல் அப்போதுதான் நெருங்கிக் கேட்கும், எல்லாம் சரி. மாலையில் போய்க் கேளுங்கள், எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அம்பைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் விழுந்தால் முழுப் பகல் கையில் இருக்கிறது.

சரி, விழுந்துவிட்டது. வயிற்றைக் கிழிக்காமல் அறுக்கும் முறையைக் கற்றுக்கொள்ளாமல் இங்கே வராதீர்கள். எல்க்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி வயிற்றுப் பக்கம் உரிக்க வேண்டும். முன்னங்காலுக்கு எலும்பு மூட்டு இணைப்பே கிடையாது. தூக்கிப் பிடித்து அடியில் கத்தியை ஓட்டினால் கழன்று வரும். பின்னந்தொடையை இடுப்புக் குழியில் உள்ள பந்து மூட்டு தெரியும்வரை அறுத்து, அந்தத் தசைநாரை வெட்டினால் முழுத்தொடையும் கையோடு வந்துவிடும். பிறகு முதுகை ஒட்டிய நீளக்கறி, கழுத்துக்கறி. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கைவிட்டு உள்கறியை எடுக்கலாம். அப்புறம் மறுபக்கம் புரட்டி இதையே திரும்பச் செய்ய வேண்டும். குடல் வெளியே வராது, வாசனை குறையும், நேரமும் மிச்சம். சட்டப்படி ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பைக் கறியோடு ஒட்டியே விட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒருவர் அறுக்கும்போது இன்னொருவர் நிற்க வேண்டும். உதவி செய்ய அல்ல. முதுகு காட்டி நின்று புதரைப் பார்க்க. கையில் கரடியை விரட்டும் மிளகாய்க் கார ஸ்ப்ரே, வாயில் ஓயாத பேச்சு. வேட்டை முடிந்துவிட்டது, இனி மௌனம் எதற்கு? அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளலாம். அறுத்த துண்டுகளைத் துணிப்பையில் போட்டவுடனே மிச்ச உடல் கிடக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, திறந்த வெளியில், தூரத்திலிருந்தே பைனாகுலரில் தெரிகிற மாதிரி தொங்கவிட வேண்டும். வனத்துறை உத்தரவு தரையிலிருந்து 10 அடி, மரத்திலிருந்து 4 அடி விலகி என்கிறது. நூறு கிலோவை அப்படித் தூக்க நல்ல கயிறும் கப்பியும் தேவை. வீட்டில் ஒருமுறையாவது தூக்கிப் பழகியிருக்க வேண்டும்.

எலும்பு நீக்கினாலும் ஒரு பெரிய ஆண் எல்க்கில் நூறு கிலோவை ஒட்டிக் கறி வரும். ஒரு சுமைக்கு முப்பது கிலோ என்றாலே மூன்று நான்கு நடை. வண்டியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒற்றை ஆளாக அடித்தால் கணக்கு என்ன ஆகும்? ஒவ்வொரு நடைக்கும் போக எட்டு, வர எட்டு. முடிக்க இரண்டு மூன்று நாள், அத்தனை முறையும் கறி வாசனை பரவிய இடத்துக்கே தனியாகத் திரும்ப வேண்டும். டெக்சாஸில் இருக்கும் ஒரு தம்பி அனுப்பிய திட்டத்தில் இதுதான் இருந்தது. பதினொரு கிலோமீட்டர் உள்ளே கூடாரம், தனி ஆள். உடம்பு உறுதியான பிள்ளை, அம்பும் நன்றாக விடுவார். நான் வேண்டாம் என்றேன். வழிகாட்டி இல்லாமல் போவது வேறு, துணை இல்லாமல் போவது வேறு. மூன்று பேர், சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள். கிரிஸ்லி காட்டில் முதல் ஆண்டுக்கு அதற்கு மேல் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்ப்ரேயா, துப்பாக்கியா என்ற சண்டை ஓயாது. மொன்டானாவில் வில் வேட்டைக் காலத்திலும் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அலாஸ்கா நிகழ்வுகளை வைத்து 2008-இல் வந்த ஆய்வில், ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் நெருங்கிய மோதலிலும் காயமில்லாமல் வந்தார்கள். 2012-இல் துப்பாக்கி பற்றி வந்த ஆய்வில், அதைச் சுட்டவர்களுக்கும் கையில் வைத்துக்கொண்டு சுடாதவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் தெரியவில்லை. நான் ஸ்ப்ரே கட்சி. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் இருந்தால் இல்லாததற்குச் சமம். வலக்கைக்காரருக்கு வில் இடக்கையில் இருக்கும். வலது மணிக்கட்டில் நாண் விடுவிக்கும் ரிலீஸ் கட்டியிருக்கும். அந்த உலோகக் கொக்கி ஸ்ப்ரேயின் பாதுகாப்புக் கிளிப்பில் மாட்டுவதைப் பயிற்சியில் பார்த்திருக்கிறேன். மார்பில் பைனாகுலர் பட்டை, மணிக்கட்டில் ரிலீஸ், முதுகில் மூட்டை என்று முழுக்கோலத்தில், பயிற்சிக்கென்றே விற்கும் காரமில்லாத டப்பாவை வைத்து உருவிப் பழகுங்கள். 225 கிராமுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். விமானத்தில் கைப்பையிலும் அனுமதி இல்லை, பெட்டியிலும் அனுமதி இல்லை. போஸ்மனிலோ மிசௌலாவிலோ இறங்கித்தான் வாங்க வேண்டும்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. மொன்டானாவில் வெளிமாநிலத்தவருக்கு வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் சேர்த்துத் தரும் கூட்டு உரிமங்கள் குலுக்கலில்தான். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் 1. வில் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழோ முன்பு எடுத்த வில் உரிமமோ காட்ட வேண்டும். வயோமிங்கில் வெளிமாநிலத்தவர் அரசு ‘வில்டர்னஸ்’ என்று அறிவித்துப் பாதுகாக்கும் காடுகளுக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கென அனுமதி பெற்ற உள்ளூர்வாசியோ இல்லாமல் பெரிய விலங்குகளை வேட்டையாட முடியாது. அதனால் சொந்தமாகப் போக நினைப்பவர்களுக்கு அங்கே கதவு பாதி மூடியிருக்கிறது.

துணைக்கு யாரும் இல்லையா? கொலராடோவுக்குப் போங்கள். நாட்டிலேயே அதிக எல்க் அங்கேதான், கிரிஸ்லி இல்லை. அங்கே போவதில் குறைச்சல் எதுவும் கிடையாது. மொன்டானாவை நண்பர்கள் சேரும் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, விட்டுவந்த கறிக்குத் திரும்பும் நேரம். காற்று உங்கள் முதுகிலிருந்து அடிக்கும்படி, சத்தமாகப் பேசிக்கொண்டு, மேட்டிலிருந்து முதலில் பைனாகுலரில் பாருங்கள். காகங்கள் எழுந்து பறக்கின்றனவா, பை இருந்த இடத்தில் மண் மேடு தெரிகிறதா, கொம்பு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்தக் கறி கரடியுடையது. ஓராண்டு உழைப்பு, விடுமுறை, பணம் எல்லாம் அங்கே கிடக்கிறது என்று வயிறு எரியும், எனக்குத் தெரியும். ஆனால் கறிக்காக நெருங்கி, கரடி பாய்ந்து, தற்காப்புக்குச் சுட்டால் செத்துக் கிடப்பது பாதுகாக்கப்பட்ட ஒரு விலங்கு, அநேகமாக ஒரு தாய். வந்த வழியே பின்வாங்குங்கள். சிக்னல் கிடைத்ததும் மொன்டானா மீன், வனவிலங்கு, பூங்காத் துறையைக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லுங்கள். அதே சரிவில் நாளை விடியலில் இன்னொருவர் வில்லோடு ஏறுவார். அங்கே கரடி படுத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.