பாதிரியாருக்கு முன்பு இறந்த டீக்கன்

2020 ஜூன் முதல் தேதி எடுத்த படம் ஒன்று என் போனில் இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் பாஸோ நகரம். அங்கே ஒரு பூங்காவில் கத்தோலிக்க ஆயர் மார்க் சைட்ஸ் புல்தரையில் முழந்தாளிட்டிருக்கிறார். முகத்தில் மாஸ்க். கையில் 'கறுப்பின உயிர்கள் முக்கியம்' என்ற அட்டை. கூடவே அவருடைய குருக்கள். 8 நிமிடம் 46 விநாடி அப்படியே மௌனமாக இருந்தார்கள். மினியாபோலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தைப் போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திய நேரம் என்று அப்போது சொல்லப்பட்ட கணக்கு அது. உண்மையில் 9 நிமிடத்துக்கும் மேல் என்று பிறகு தெரிந்தது. இரண்டு நாள் கழித்து போப் பிரான்சிஸே சைட்ஸுக்குப் போன் செய்து நன்றி சொன்னார்.

அந்தப் படத்தைப் பார்த்து அழுதேன். அழுது முடித்த பிறகு ஒன்று உறுத்தியது. போலீஸ் வன்முறையை எதிர்த்துக் கறுப்பினப் போதகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெருவில் நிற்கிறார்கள். அவர்களுடைய படம் ஒன்றைக்கூட நான் சேமித்து வைத்ததில்லை. ஒரு வெள்ளை ஆயர் முழந்தாளிட்டதும் உடனே சேமித்துவிட்டேன். ஏன்?

இந்தக் கேள்வி 1965லேயே, அமெரிக்காவின் தெற்கு மாநிலமான அலபாமாவில் கேட்கப்பட்டுவிட்டது.

பிப்ரவரி 18 இரவு, மேரியன் என்ற சின்ன ஊர். வாக்குரிமை கேட்டுக் கறுப்பின மக்கள் தேவாலயத்திலிருந்து ஊர்வலமாகக் கிளம்புகிறார்கள். தெருவிளக்குகள் அணைகின்றன. மாநிலப் போலீஸ் தடியோடு பாய்கிறது. ஜிம்மி லீ ஜாக்சனுக்கு வயது 26. அம்மாவும் 82 வயதுத் தாத்தாவும் இருந்த மேக்ஸ் கஃபே என்ற சாப்பாட்டுக் கடைக்குள்ளேயும் போலீஸ் நுழைந்து அடிக்கிறது. அம்மாவைக் காப்பாற்றப் போன பிள்ளையின் வயிற்றில் குண்டு. எட்டு நாள் செல்மா ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். விறகு வெட்டிப் பிழைத்தவர். வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கத் திரும்பத் திரும்பப் போய், திருப்பி அனுப்பப்பட்டவர். தன் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். அதாவது, அவரும் சபை ஊழியர்தான். இதை மறந்துவிடாதீர்கள்.

அந்தச் சாவின் கோபத்தில்தான் செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரி வரை நடப்போம் என்ற யோசனையே பிறந்தது. மார்ச் 7, எட்மண்ட் பெட்டஸ் பாலம். நடந்தவர்கள் மேல் போலீஸின் கண்ணீர்ப்புகை, தடி, குதிரைப்படை. நாடே டிவியில் பார்த்தது. மார்ட்டின் லூதர் கிங் குருமார்களுக்குத் தந்தி அடித்தார், வாருங்கள் என்று. நூற்றுக்கணக்கில் வந்தார்கள். பாஸ்டனிலிருந்து வந்த, யூனிடேரியன் என்ற சபையைச் சேர்ந்த வெள்ளைப் போதகர் ஜேம்ஸ் ரீப் அவர்களில் ஒருவர். வயது 38, நான்கு குழந்தைகள். மார்ச் 9 மாலை, கறுப்பினத்தவர் நடத்திய வாக்கர்ஸ் கஃபேயில் இரண்டு சக போதகர்களோடு சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நடக்கிறார். பின்னாலிருந்து வெள்ளையர் சிலர் கத்திக்கொண்டே வருகிறார்கள். ஒருவன் கையிலிருந்த கட்டையைச் சுழற்றி அடித்தான், தலையில் இறங்கியது. பர்மிங்ஹாமுக்குக் கொண்டுபோகும் வழியில் ஆம்புலன்ஸின் டயர் வேறு போய்விட்டது. மார்ச் 11 அன்று ரீப் இறந்தார்.

நாடு குலுங்கியது. ஜனாதிபதி ஜான்சன் ரீப்பின் மனைவியிடம் போனில் பேசினார். மார்ச் 15 அன்று நாடாளுமன்றத்தில் வாக்குரிமைச் சட்டம் கேட்டுப் பேசும்போது, கடவுளின் மனிதர், நல்லவர் ஒருவர் கொல்லப்பட்டார் என்றார். ஜிம்மி லீ ஜாக்சனைப் பற்றி அந்த உரையில் ஒரு சொல் இல்லை. இதை அப்போதே ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்ற கறுப்பினப் போராட்ட இளைஞர்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஜாக்சனைச் சுட்ட போலீஸ்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2010இல். 45 வருடம் கழித்து, தண்டனை ஆறு மாதம்.

ரீப்பின் தியாகத்தைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரைக் கொன்றதாக வழக்குப் போடப்பட்ட மூன்று பேரையும் ஜூரி விட்டுவிட்டது. அந்தக் குடும்பத்துக்கும் நியாயம் கிடைக்கவில்லை. தந்தி வந்ததும் கிளம்பி வந்த மனிதர் அவர். வராதவர்கள் எத்தனை பேர்!

வராததைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாமில் எட்டு வெள்ளை மதகுருமார் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். ஏழு பேர் கிறிஸ்தவர்கள், ஒருவர் யூத ரபி. போராட்டம் இப்போது வேண்டாம், அவசரப்படாதீர்கள் என்றார்கள். அதோடு நிற்காமல், அமைதியைக் காத்ததற்காகப் போலீஸைப் பாராட்டவும் செய்தார்கள். கிங் அப்போது அதே ஊரில் சிறையில் இருந்தார். கையில் கிடைத்த செய்தித்தாளின் ஓரத்திலேயே பதில் எழுத ஆரம்பித்தார். நிராயுதபாணியான மக்கள் மேல் போலீஸ் நாய்கள் பல் பதிப்பதைப் பார்த்திருந்தால் இவ்வளவு மனமுவந்து பாராட்டியிருப்பீர்களா என்று அதில் கேட்கிறார். அந்த எட்டுப் பேரும் வெறியர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அன்பைப் பற்றி நன்றாகவே பிரசங்கித்திருப்பார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னைக் கேட்டால், வெள்ளைப் பாதிரியாருக்கு வேலை முதலில் அவருடைய சொந்தக் கோயிலுக்குள்தான் இருக்கிறது. போலீஸ்காரரும், ஜூரியில் உட்காரப் போகிறவரும், மேயரும் அங்கேதான் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், கல்யாணம் செய்து வைத்தவர் அவர். கறுப்பினத்தவர் சொன்னால் காதில் ஏறாதது இவர் சொன்னால் ஒருவேளை ஏறும். அப்படி இருப்பதே அநியாயம்தான். ஆனாலும் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தாமல் அங்கியைப் பத்திரமாக மடித்து வைத்திருந்து யாருக்கு லாபம்?

2014இல் மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசனில் நடந்தது அதனால்தான் என் மனதில் நிற்கிறது. 18 வயதுக் கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுனைப் போலீஸ் சுட்டு, உடல் நான்கு மணி நேரம் நடுத்தெருவில் கிடந்த ஊர். மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 67 சதவீதம், கைதானவர்களில் 93 சதவீதம் என்று பிறகு நீதித்துறை அமைச்சகமே அறிக்கை கொடுத்தது. அந்த அக்டோபரில், மழையில், கறுப்பரும் வெள்ளையருமாகக் குருமார்கள் போலீஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். வரிசையாக நின்ற போலீஸ்காரர்களிடம் ஒவ்வொருவராகப் போய், மனந்திரும்புங்கள், உங்கள் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்கத் தயாராக வந்திருக்கிறோம் என்றார்கள். கோஷத்துக்குப் பழகிய காதுக்கு இது புதிது. பலர் கைதானார்கள்.

அப்புறம் ஜொனாதன் டேனியல்ஸ். எபிஸ்கோபல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) சபையின் வெள்ளைக் குருமாணவர், வயது 26, ஜாக்சனின் அதே வயது. கிங்கின் அழைப்பைக் கேட்டு செல்மாவுக்கு வந்து, மற்றவர்கள் திரும்பிய பிறகும் அலபாமாவிலேயே வேலை செய்தவர். 1965 ஆகஸ்ட் 20, ஹேன்வில் சிறையிலிருந்து விடுதலையான மதியம், குளிர்பானம் வாங்க நான்கு பேர் கடைக்குப் போகிறார்கள். வாசலில் துப்பாக்கியோடு டாம் கோல்மன், ஷெரிஃபின் சிறப்பு உதவியாளர். 17 வயதுக் கறுப்பினப் பெண் ரூபி சேல்ஸை நோக்கித் துப்பாக்கி நீண்டதும் டேனியல்ஸ் அவரைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தான் வாங்கிக்கொண்டார். கூட வந்த கத்தோலிக்கக் குரு ரிச்சர்ட் மோரிஸ்ரோவுக்கும் பலத்த காயம்.

கொலை மிரட்டலை மீறி ரூபி சாட்சி சொன்னார். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி கோல்மனை விடுவித்தது. பிற்காலத்தில் ரூபி, டேனியல்ஸ் படித்த அதே இறையியல் கல்லூரிக்குப் போய்ப் படித்தார். இன்றும் இந்தக் கதையைக் கேட்பவர்கள் டேனியல்ஸின் பெயரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

நேற்று ரூபியின் படம் ஒன்றைத் தேடி எடுத்து வைத்தேன். ஜிம்மி லீ ஜாக்சனுடையதையும்.