"ஒரு காது நல்லாத்தானே சார் இருக்கு?"

எம்பொண்ணுக்கு ஒரு காது கேக்காது. அதுக்குத் தகுந்த மாதிரி கிளாஸ்ல சீட்டு கேட்டுப் போன பேரன்ட்ஸ் மீட்டிங் கதைய நேத்தே புலம்பித் தீத்துட்டேன், திரும்பச் சொல்ல தெம்பில்ல. எந்த ஸ்கூல்னு கமெண்ட்ல கேக்காதீங்க, எம்பொண்ணு அங்கதான் படிக்கணும். ஆனா அவ டீச்சர் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் மண்டைய விட்டுப் போக மாட்டேங்குது. "ஒரு காது நல்லாத்தானே சார் இருக்கு, அப்புறம் எதுக்கு தனி சீட்டு? எல்லாரும் சமம்தானே?"

ரெண்டாவது காது என்ன ஸ்டெப்னியா மேடம்? சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு மூளை கண்டுபிடிக்கறதே ரெண்டு காதுக்கும் அது வந்து சேர்ற நேர வித்தியாசத்தையும் சத்த வித்தியாசத்தையும் வெச்சுதான். அந்த நேர வித்தியாசம் ஒரு மில்லி செகண்ட்ல முக்கால்வாசி கூட வராது. ஒத்தக் காத வெச்சுகிட்டு எதோட எத ஒப்பிடறது? கேக்காத பக்கம் நின்னு பேசினா அவ தலையே சத்தத்த மறைக்கும், ஸ, ஷ, ஃப மாதிரி ஒலியெல்லாம்தான் முதல்ல அடிபடும்.

அமைதியான ரூம்ல கேட்டுப் பாருங்க, டக்கு டக்குனு பதில் சொல்வா. அதான் வினையே. இவளுக்கு ஒண்ணுமில்லன்னு எல்லாரும் முடிவு பண்ணிடறாங்க. நாப்பது பசங்க கத்தற கிளாஸ்ல போய் உக்காந்து பாத்தாதானே தெரியும்.

கேக்காதது இடது காது. அதனால இடது ஓரம் முன் பெஞ்சு குடுங்க, அப்பதான் வலது காது டீச்சர் பக்கம் இருக்கும்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன். இவங்க வலது ஓரத்துல உக்கார வெச்சிருக்காங்க! நல்ல காது சுவத்துக்கு, கெட்ட காது டீச்சருக்கு. சமத்துவம்னா இதான் போல.

"எங்க தாத்தாவுக்கும் ஒரு காது கேக்காது, நல்லாத்தான் இருந்தாரு"ன்னு ஒருத்தர் வருவாரு, தெரியும். உங்க தாத்தா பேசக் கத்துகிட்ட அப்புறம் காது போயிருக்கும் சார், பாதி வார்த்தை விழுந்தாலும் மீதிய அவரே நிரப்பிப்பாரு. இவ வார்த்தையவே இப்பதான் சேத்துகிட்டிருக்கா, அதுவும் பசங்க நிறைய பேச்ச பக்கத்துல யாரோ பேசறத ஒட்டுக்கேட்டுதான் கத்துக்கறாங்க, அந்த ஒட்டுக்கேக்கறதுதான் இவளுக்கு வராது.

"வளர்ப்பு சரியில்ல"ன்னு வேற. 2010ல அமெரிக்காவுல ஜூடித் லியூங்கற டாக்டர் டீம் ஒரு காது கேக்காத 74 பசங்கள அவங்க கூடப்பொறந்தவங்களோடயே ஒப்பிட்டுப் பாத்தாங்க. அதே வீடு, அதே அம்மா அப்பா. அப்பவும் மொழித்திறன்ல ஒரு காது பசங்க பின்னாடிதான் இருந்தாங்க. 1984லயே ஃப்ரெட் பெஸ், ஆன் மேரி தார்ப் ரெண்டு பேரும் 60 பசங்களப் பாத்ததுல 35 சதவீதம் பேர் ஒரு கிளாஸ்லயாவது ஃபெயிலாகியிருந்தாங்க. அதுக்கு முன்னாடி டாக்டர்களே "முன்னாடி உக்கார வைங்க, போதும்"னுதான் அனுப்பிட்டிருந்தாங்க. எங்களுக்கு அந்த பழைய வைத்தியமே கெடைக்கல, விடுங்க. எல்லாப் பசங்களுக்கும் இப்படி ஆகாதுதான், நல்லா படிக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. சரி, இருக்கட்டும்.

மெஷின் வைக்க வேண்டியதுதானேன்னா, அந்தக் காதுக்கு நரம்பே சரியா வளரல, உள்காதுல ஆபரேஷன் பண்ணி வைக்கற காக்ளியர் இம்ப்ளான்ட்டும் ஆகாதுன்னுட்டாங்க. அதனால டீச்சர் சட்டையில மாட்டிக்கற குட்டி மைக் வாங்கிக் குடுத்தோம், அவங்க பேச்சு நேரா நல்ல காதுக்கு வந்துடும். "நான் என்ன டிவி ஆங்கரா?"ன்னு சிரிச்சுட்டாங்க. நாலு பேரன்ட்ஸும் சேந்து சிரிச்சாங்க.

இவ்ளோ பேசற நான் ஒழுங்கான்னு கேட்டா, இல்ல. அவளுக்கு அஞ்சு வயசு இருக்கும், பின்னாடி நின்னு மூணு தடவ கூப்பிட்டேன், படம் வரைஞ்சுகிட்டே இருந்தா. திமிருன்னு நெனச்சு நோட்டப் பிடுங்கி கிழிச்சுட்டேன். "நீங்க எங்கேருந்து கூப்பிட்டீங்கன்னு தெரியலப்பா"ன்னு அழுதா. பொய் சொல்றான்னு அதுக்கும் திட்டினேன். ஒரு வருஷம் கழிச்சு ஆபீஸ்லேருந்து போன் பண்றேன், போன இடது காதுல வெச்சுகிட்டு "அப்பா பேசவே மாட்டேங்குறாரு"ங்கறா. அப்பதான் உறைச்சுது.

இப்ப ஸ்கூல் விட்டு வந்தா பேசக்கூட மாட்டா. நாள் பூரா உத்து உத்துக் கேட்டே களைச்சுடறா. நேரா போய் நல்ல காத தலகாணில அமுக்கிட்டுப் படுத்துடுவா, அப்ப வீட்ல என்ன விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. நேத்தும் அப்படித்தான் படுத்திருந்தா. பக்கத்துல உக்காந்து அந்த நோட்டுக்கு ஸாரி சொன்னேன். கேக்கல.

மேடம், திங்கக்கிழம வரேன். மைக்கோட சேத்து, இடது எது வலது எதுன்னு படம் போட்டும் எடுத்துட்டு வரேன்.